அழகுக் குறிப்போடு அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வரும் வீட்டு அழகுக் குறிப்புகளை ஒன்று விடாமல் வாசிக்கிறவன் நான். வாசித்தே ஆகவேண்டிய தொழில் என்னுடையது. திங்கள்சந்தையில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆவாரம்பூ என்று எழுதினால் திங்கட்கிழமை காலையில் ஆவாரம்பூ கேட்டு ஆள் வந்து நிற்கும். சிலர் அந்தப் பக்கத்தையே கிழித்துக்கொண்டு வருவார்கள். இளம்பிள்ளைகள் கைப்பேசியில் படம் எடுத்து வந்து காட்டுவார்கள். தங்கள் குறிப்புகளால் என் வியாபாரத்துக்கு நன்மையே தவிரக் கெடுதல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாகிவிட்டது.

என் வேண்டுகோள் சிறியது. சமையல் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று எழுதலாம். கூடிப்போனால் நாக்கு சொல்லிவிடும். தோலில் பூசுகிற பொருளுக்கு ‘சிறிதளவு’, ‘ஒரு கைப்பிடி’ என்று எழுதுவது அப்படிப்பட்டதன்று. எத்தனை கிராம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், பூசிய பின் வெயிலில் போகலாமா, யார் பூசக் கூடாது என்ற நான்கையும் ஒவ்வொரு குறிப்பின் கீழும் இரண்டு வரியில் சேர்த்து அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்படிக் கேட்கும் தகுதி எனக்கு வந்தது என் சொந்தத் தவற்றால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கடையில் குளியல் பொடி நானே அரைத்து விற்றுவந்தேன். அப்பா காலத்துக் கணக்கு அது: பச்சைப்பயறு ஒரு கிலோ என்றால் பூலாங்கிழங்கு 100 கிராம், ஆவாரம்பூ 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், வெட்டிவேர் 50 கிராம், கொஞ்சம் உலர்ந்த ரோஜா இதழ். அந்தக் கணக்கில் கார்போகரிசி என்ற விதை கிடையாது. முகம் பளபளக்க அதையும் சேர்க்க வேண்டும் என்று காணொளி பார்த்துவிட்டு வந்தவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். கேட்டதை ‘இல்லை’ என்று சொல்லக் கடைக்காரனுக்கு மனம் வருமா? நானும் சேர்த்தேன். எவ்வளவு சேர்த்தேன் என்று கேட்டால், ஒரு கைப்பிடி என்றுதான் சொல்ல முடியும்.

அந்தப் பொடியை வாங்கிப்போனவர்களில் ஒருவர், தலைச்சுமையாக மீன் விற்கும் பெண். காலையில் பொடி தேய்த்துக் குளித்துவிட்டு, ஈரம் காய்வதற்குள் கூடையைத் தூக்கிக்கொண்டு உச்சிப்பொழுது வரை தெருத்தெருவாக நடக்கிறவர். மூன்றாம் நாள் வந்து, “அண்ணாச்சி, பொடி நல்ல மணமாத்தான் இருந்திச்சு, கைதான் எரிஞ்சு போச்சு” என்று முழங்கை வரை நீட்டிக் காட்டினார். சிவந்து, அங்கங்கே கொப்பளித்திருந்தது. அந்தச் சிவப்பின் வடிவத்தை நான் மறக்கவில்லை: பொடிக் கரைசல் மேலிருந்து கீழே வழிந்த வழியெல்லாம் கோடு கோடாக, கடைசியில் சொட்டு நின்ற இடத்தில் வட்டமாக இருந்தது. கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறியது. அது விட்டுப்போன கறுப்புக் கோடுகள் மறைய ஏழெட்டு மாதம் ஆயிற்று. பொடிக்கு வாங்கிய பணத்தை நான் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை, வேறு பொடி தரச் சொன்னார். அதுதான் எனக்கு அதிக வேதனை.

கார்போகரிசியில் சோரலென் என்றொரு பொருள் இருக்கிறது. தோலில் அது பட்டவுடன் ஒன்றும் செய்யாது. அதன்மேல் வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால்தான் தோலைச் சுட்டுக் கறுக்க வைக்கும். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு இதே சோரலெனை மருத்துவர்கள் அளந்து கொடுத்து, அளந்த நேரம் ஒளியில் நிறுத்திச் சிகிச்சை செய்வதுண்டு. கறுப்பு நிறத்தை வரவழைக்க மருத்துவர் கையில் எடுக்கும் பொருளைத்தான், நிறம் வெளுக்கும் என்று நம்பி நாம் கைப்பிடியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எலுமிச்சையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அதன் தோலிலும் சாற்றிலும் இதே இனத்துப் பொருள்கள் உண்டு. போதாக்குறைக்கு எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு. அமிலத்தை அளக்கும் பிஎச் கணக்கில் ஏறக்குறைய 2. நம் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டியிருக்கும். அந்தக் கணக்கில் ஓர் எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று பொருள். ஆனாலும் எலுமிச்சைச் சாறு சேர்க்காத அழகுக் குறிப்பைக் காண்பது அரிதாக இருக்கிறது. முகத்தில் தடவிப் பதினைந்து நிமிடம் வைத்துக் கழுவிவிட்டு, மார்த்தாண்டம் பேருந்துக்காக வெயிலில் அரை மணி நேரம் நிற்கும் கல்லூரிப் பெண்ணுக்கு அந்தக் குறிப்பு என்ன செய்யும் என்பதை எழுதியவர் யோசித்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, வீட்டுப் பொருளே ஆகாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பச்சைப்பயறு மாவுக்கு இணையான ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை. சாதாரணக் கட்டிச் சோப்பு காரத்தன்மை உடையது. அதன் பிஎச் 9, 10 வரை போகும். வறண்ட தோலுள்ளவர்களும் முதியவர்களும் அதைத் தேய்த்துக் குளித்தால் தோல் இழுத்துப் பிடித்து, பனிக்காலத்தில் அரிப்பு வந்துவிடும். பயற்றுமாவு எண்ணெய்ப் பசையை எடுக்கும், தோலை உரிக்காது. ஆனால் நைசாக அரைத்து, மெல்லிய துணியில் சலித்திருக்க வேண்டும். கரகரப்பாக இருந்தால் அழுக்குப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள், போவது தோல்தான்.

அரைப்பது பற்றி ஒரு வார்த்தை. ஆலையில் உங்களுக்கு முன்னால் அரைத்தவர் மிளகாய் வற்றல் கொண்டுவந்தவராக இருந்தால், உங்கள் குளியல் பொடியின் கதியை எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை. ஒரு படி பச்சரிசியை முதலில் போட்டு ஓட்டி, அந்த மாவைத் தனியே எடுத்துவிட்டுத்தான் நம்முடையதைப் போட வேண்டும். எங்கள் கடைக்கு அரைத்துத் தந்த ஆலைக்காரர் வாரத்தின் முதல் வேலையாக, இயந்திரத்தைக் கழுவிய கையோடு அதை முடித்துத் தருவார். கஸ்தூரி மஞ்சள் விஷயமும் இப்படித்தான். உண்மையான கஸ்தூரி மஞ்சளை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிறிய நிறமாக இருக்கும், கற்பூர வாசம் வீசும், பூசினால் மஞ்சள் கறை ஒட்டாது. அந்தப் பெயரில் கிடைக்கும் பளிச்சென்ற மஞ்சள் பொடி பெரும்பாலும் வேறொரு கூவை இனத்துக் கிழங்கு. கிழங்காக வாங்கி உடைத்துப் பார்க்காமல் பொடியாக வாங்குகிறவர்களுக்கு எது கிடைக்கிறது என்பதற்கு நானும் உத்தரவாதம் தர முடியாது.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு தோல் மருந்து உண்டென்றால் அது உருக்கெண்ணெய்தான். புவிசார் குறியீடு பெற்ற ஈத்தாமொழி நெட்டைத் தென்னை விளையும் மண்ணில் இருந்துகொண்டு, எங்கோ தயாரான களிம்பைத் தேட வேண்டியதில்லை. முற்றிய தேங்காயைத் துருவி, ஆட்டி, பால் பிழிந்து, உருளியில் ஊற்றிச் சிறுதீயில் வைத்தால் முதலில் பொங்கும், பிறகு தயிர்போலத் திரளும். அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருக்க, திரண்டது பொன்னிறமாகி எண்ணெய் தெளிந்து விலகும். அந்த நேரத்தில் எழும் சடசடப்பு முழுவதும் அடங்கும்வரை இறக்கக் கூடாது. சத்தம் இருக்கிறவரை உள்ளே நீர் இருக்கிறது, நீர் இருந்தால் எண்ணெய் சிக்கடித்துவிடும். அடியில் தங்கும் கசடில் கருப்பட்டியைப் பொடித்துப் போட்டுத் தின்னக் காத்திருந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். இந்த எண்ணெயைப் பிறந்த குழந்தைக்குத் தடவுவதும், குளித்துத் துவட்டிய கையோடு, தோலில் ஈரம் முற்றிலும் காய்வதற்குள் முதியவர்களின் கால்களில் தடவுவதும் மருத்துவர்களும் ஒப்புக்கொள்ளும் பழக்கங்கள். ஈரத்தின்மேல் எண்ணெய் மெல்லிய மூடிபோல நின்று நீரை வெளியே விடாது. காய்ந்த தோலில் மாலையில் தடவினால் அந்தப் பயன் பாதிகூட இருக்காது.

இந்த எண்ணெய்க்கும் ஆகாத இடங்கள் இருக்கின்றன. பருவுள்ள முகத்தில் தேங்காயெண்ணெய் துவாரங்களை அடைத்துப் பருவைக் கூட்டும். பொடுகுள்ள தலையில் எண்ணெய் வைத்து ஊறவிடுவதும் சரியன்று. பொடுகோடு சம்பந்தப்பட்ட மலசேசியா என்ற பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் தீனி. அவர்கள் செம்பருத்தி இலையை அரைத்த தாளியோ சீயக்காயோ தேய்த்து அன்றே நன்றாக அலசிவிட வேண்டும், இரண்டு மூன்று வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். சளிக்கு என்று தேங்காயெண்ணெயில் சூடத்தைப் போட்டுக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தடவுவது எங்கள் பக்கத்தில் இன்றும் நடக்கிறது. சூடம் சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்கக்கூடிய பொருள். கைக்குழந்தைக்கு என்று சொல்லிச் சூடம் கேட்பவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்பது குறிப்புகளில் வராத அடுத்த செய்தி. உலர்ந்த பொடி ஈரக் கை படாமல், மூடிய பாட்டிலில் இரண்டு மூன்று மாதம் இருக்கும். அதில் தயிரோ பன்னீரோ தண்ணீரோ ஊற்றிய கணத்தில் அது மாவுப் பொருள் ஆகிவிடுகிறது; தோசை மாவு புளிப்பதுபோல அதிலும் கிருமி பெருகும். ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் குழைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம் என்று அண்மையில் ஒரு குறிப்பு வந்திருந்தது. அதை யாரும் பின்பற்ற வேண்டாம். குழைத்ததை அப்போதே பூசி, மிஞ்சியதைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். கற்றாழையும் வெட்டியவுடன் பூசக்கூடியதன்று. மடலை வெட்டிக் கால் மணி நேரம் சரித்து வைத்தால் மஞ்சள் நிறத்தில் கசப்புப் பால் வடியும். அரிப்பை உண்டாக்குவது அதுதான். அது வடிந்த பிறகு கழுவி, உள்ளே இருக்கும் கண்ணாடி போன்ற சதையை மட்டும் எடுக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் முதல்முறை முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

அழகுக் குறிப்பு என்றால் முகம் மட்டும்தானா என்றும் கேட்கத் தோன்றுகிறது. கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலைகளில் கொட்டை உடைக்கும் பெண்களின் கைகளைத் தங்கள் குறிப்பாளர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கொட்டை ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்த எண்ணெயில் உள்ள அனகார்டிக் அமிலமும் கார்டாலும் தோலை அரிக்கக்கூடியவை. வேலைக்கு உட்காருமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் சாம்பலைத் தொட்டுக்கொள்வதும் அவர்களின் பழைய வழக்கம். எரிச்சலை ஓரளவு குறைக்குமே தவிரக் கையுறைக்கு ஈடாகாது. ரப்பர்ப் பால் உறையவைக்க அமிலம் கலக்கிறவர்களுக்கும், பனிக்கட்டித் தண்ணீரில் நாள் முழுவதும் கைவிட்டு மீன் எடுக்கிறவர்களுக்கும் எழுத வேண்டிய குறிப்புகள் இருக்கின்றன. வேலை முடிந்து கை கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, உருக்கெண்ணெய் தடவிக்கொண்டு படுப்பது என்ற ஒன்றை எழுதினால்கூட, பன்னீரும் தேனும் கலந்த பூச்சைவிட இந்த மாவட்டத்தில் அதிகப் பேருக்கு உதவும்.

இடவப்பாதி மழையும் துலாமழையுமாக இரண்டு மழை வாங்குகிற ஊர் நம்முடையது. துணி காயாத மாதங்களில்தான் என் கடைக்குப் படர்தாமரைக்கு மருந்து கேட்டு அதிகம் பேர் வருகிறார்கள். ஒரே துவர்த்தால் (துண்டால்) வீட்டில் நான்கு பேர் துடைத்து, அது ஈரத்தோடே கொடியில் கிடந்து, மறுநாள் மறுபடியும் துடைப்பதுதான் பாதி நோய்க்குக் காரணம். ஆளுக்கொரு துவர்த்து, இரண்டு நாளுக்கொருமுறை வெந்நீரில் துவைத்தல், உள்ளாடையை இஸ்திரி போட்டு உடுத்தல், தொடையிடுக்கை ஈரமில்லாமல் துடைத்தல் ஆகியவற்றுக்குப் பைசா செலவில்லை. படர்தாமரையில் பூண்டை அரைத்துக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பூண்டு தோலைத் தீப்போலச் சுட்டுவிடும், நோய் அப்படியே இருக்கும். வண்டுகொல்லி இலையை அரைத்துப் பூசுவது பழைய வைத்தியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் குழாயில் அடைத்த ஸ்டீராய்டு களிம்பைச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசுகிறார்களே, அதுதான் பெரிய கேடு. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நிற்கும், நிறுத்திய வாரம் இருமடங்காகப் படரும். அதே களிம்பை முகம் வெளுக்கப் பூசி, தோல் மெலிந்து நரம்பு தெரிகிற முகங்களையும் கண்டிருக்கிறேன். ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி செய்துவிட்டது.

சிவப்பழகுக் களிம்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023-ல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரத்தில், அத்தகைய களிம்புகளைப் பூசியவர்கள் சிறுநீரகப் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்த செய்தியை நாம் எல்லோரும் படித்தோம். பாதரசம் கலந்த பூச்சு தோல் வழியாக உள்ளே இறங்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாதரசம் குறித்த மினமாட்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கை, அழகுப் பொருள்களில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது இருக்கக் கூடாது என்று முதலில் சொன்னது; 2025-க்குப் பிறகு பாதரசம் சேர்த்த அழகுப் பொருளே கூடாது என்கிறது. தயாரிப்பாளர் முகவரி இல்லாத டப்பாவில் எது இருக்கிறது என்று யார் அளப்பது?

வெயிலைப் பொறுத்தவரை வீட்டு மருந்து எதுவும் கிடையாது என்று நேரடியாகவே எழுதலாம். நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 8 பாகை வடக்கே இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் இறுதியிலும் உச்சிப்பொழுதில் நம் நிழல் நம் காலடியிலேயே விழும். தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்கும் என்று நம்பிக் கடற்கரையில் நிற்பது வீண். குடை, முழுக்கைச் சட்டை, முடிந்தால் கடையில் விற்கும் சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். மழைக்குக் குடை பிடிக்க வெட்கப்படாத நம் ஆண்கள் வெயிலுக்குப் பிடிக்க ஏன் கூசுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. உறக்கம், தண்ணீர், வாரத்தில் நான்கு நாள் சாளை மீனும் கீரையும் என்பவற்றைத் தங்கள் மருத்துவப் பக்கமே நன்றாக எழுதுகிறது. சர்க்கரை நோயுள்ளவர்கள் இரவு படுக்குமுன் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன். பித்தவெடிப்புக்கு மருந்து கேட்டு வருகிறவர்களில் சிலர் காட்டும் கால், என் கடைக்கு வந்திருக்க வேண்டிய காலன்று. அவர்களை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

அந்த மீன்காரப் பெண்ணின் கையைப் பார்த்த பிறகு நான் பொடி அரைத்து விற்பதை நிறுத்திவிட்டேன். அழகுப் பொருளைச் செய்து விற்க உரிமம் வேண்டும் என்பதும் எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. வீட்டில் செய்து வாட்ஸ்அப்பில் விற்கும் சகோதரிகளுக்கும் இந்த விதி பொருந்தும். இப்போது பயறு, கிழங்கு, வேர் எல்லாவற்றையும் தனித்தனியாக நிறுத்துக் கட்டி, பொட்டலத்தின்மேல் கிராம் கணக்கை எழுதிக் கொடுக்கிறேன். அரைத்த தேதியை எழுதிக்கொள்ள ஒரு கோடும் போட்டு வைக்கிறேன். கார்போகரிசி கேட்டால், எந்த வைத்தியர் எழுதினார் என்று கேட்பேன். பத்திரிகையில் வந்திருக்கிறதே என்று பதில் வந்தால் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகிறது. ஆகையால் அடுத்த குறிப்பு அச்சுக்குப் போகுமுன், ஒரு தோல் மருத்துவரோ சித்த மருத்துவரோ அதை ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட ஏற்பாடு செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்,
திங்கள்சந்தை, கன்னியாகுமரி மாவட்டம்.